சுருளுக்குக் கொடுத்த விலை: நேர்முடியை வீட்டில் சுருட்டிய வரலாறு

கூந்தலைப் பற்றித் தமிழில் எழுந்த வழக்குகளுள் தலையாயது, அதன் மணம் இயற்கையா செயற்கையா என்பது. தருமிக்குப் பொற்கிழி கிடைத்த கதையைத் திருவிளையாடற் புராணத்தின் வழியாகவோ திரைப்படத்தின் வழியாகவோ அறியாத தமிழர் குறைவு. நெற்றிக்கண் திறந்தபோதும் நக்கீரர் தம் கட்சியை விட்டுக்கொடுக்கவில்லை. அந்த வழக்கை மணத்தோடு நிறுத்தாமல் வடிவத்துக்கும் நீட்டிப் பார்த்தால் என்ன என்று நமக்கு ஓர் எண்ணம் தோன்றியது. நேராக வளரும் முடியைச் சுருள வைத்தவர்கள் யார்? எவற்றைக் கொண்டு, எவ்வளவு காலம் செலவிட்டு, யாருடைய உழைப்பில் அதைச் செய்தார்கள்? இக்கட்டுரை இவ்வினாக்களைப் பின்தொடர்ந்து செல்லும் ஒரு சிறு முயற்சி.

தமிழிலக்கிய மாணவர்க்குச் 'சுருள்' புதிய சொல்லன்று. மகளிர் கூந்தலை ஐந்து வகையாக முடித்தமையால் அதற்கு 'ஐம்பால்' என்று பெயர் வந்தது என்பர் உரையாசிரியர். அவ்வைந்தையும் முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என ஒரு மரபு எண்ணும். குழல், அளகம், கொண்டை, பனிச்சை, துஞ்சை என மற்றொரு மரபு எண்ணும். குழல் என்பது துளையுடைய நீள்வடிவத்தையும் ஊதும் கருவியையும் குறிக்கும் சொல். அதே சொல் கூந்தலுக்கும் ஆகிவந்ததில், சுருட்டி முடித்த முடியின் வடிவம் பொதிந்துள்ளது எனலாம். சங்கப் புலவர்களோ நெளிந்த கூந்தலுக்கு 'அறலை' உவமை கூறினர். ஓடும் நீர் ஆற்றின் கருமணலில் வரிவரியாக விட்டுச்செல்லும் நெளிவே அறல். நீர் வடிந்த பின்னும் மணலில் வரி நிற்கிறது. ஆனால் அடுத்த நீர் வந்தால் அழிந்துவிடுகிறது. வீட்டில் சுருட்டிய முடியின் இயல்பும் ஏறத்தாழ இதுவே என்பதைக் கீழே காண்போம்.

வகுப்பறையில் ஐம்பாலை விளக்கும்போது மாணவியர் தவறாமல் ஒரு கேள்வி கேட்பதுண்டு: 'எப்படிச் சுருட்டினார்கள்?' பெயர்களைப் பேணிய நம் உரைமரபு, செய்முறையைச் சொல்லவில்லை. செய்முறைக்கும் செய்த கைகளுக்கும் சான்று வேண்டுமெனில் நாம் மேற்கு நோக்கிச் செல்லத்தான் வேண்டும்.

நீர்ப்பிணைப்பும் கந்தகப் பிணைப்பும்

அதற்குமுன் முடியின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்வது நலம். தலைமுடி கெரட்டின் என்னும் புரதத்தாலானது. அப்புரதத்தின் நெடுஞ்சங்கிலிகள் ஒன்றோடொன்று பல வகையில் பிணைந்துள்ளன. அவற்றுள் இரண்டு நமக்கு இன்றியமையாதவை. முதலாவது ஐதரசன் பிணைப்பு. இது எண்ணிக்கையில் மிகுதி, வலிமையில் குறைவு. முடி நனைந்தால் தளரும். உலர்ந்தால் மீண்டும் இறுகும். நனைந்த முடியை ஒரு கோலில் சுற்றி உலரவிட்டால், உலரும்போது இருந்த வடிவத்திலேயே இப்பிணைப்புகள் புதிதாக அமைந்துவிடும். மறுபடி நனைந்தாலோ, காற்றில் ஈரம் மிகுந்தாலோ சுருள் அவிழும். சூட்டுக்கோல் செய்வதும் இதே வேலைதான்; அது விரைவாகச் செய்யும், அவ்வளவே.

இரண்டாவது கந்தகப் பிணைப்பு. அடுத்தடுத்த சங்கிலிகளில் உள்ள இரு கந்தக அணுக்கள், ஏணியின் படிகளைப் போலக் குறுக்கே கைகோத்து நிற்பது இது. தண்ணீருக்கும் சாதாரணச் சூட்டுக்கும் இது அசையாது. ஆதலால் சுருள் நிலைக்க வேண்டுமானால் இப்படிகளை உடைத்து, முடியை வளைத்து, மீண்டும் பொருத்த வேண்டும். வீட்டுச் சுருளின் வரலாறு முழுவதையும் இவ்விரு பிணைப்புகளின் கதையாகவே சொல்லிவிடலாம். ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மனிதர் முதலாவதை மட்டும் அசைத்துக்கொண்டு, இரண்டாவதைத் தொட வழியறியாது இருந்தனர்.

உரோமையின் சாம்பலூதிகள்

சுருளின் மீதுள்ள ஆசை மிகப் பழையது. எகிப்தின் தீப்சு நகரில் கிடைத்துப் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ள பொய்ம்முடி ஒன்று மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது. மனித முடியால் ஆன அதன் சுருள்களும் பின்னல்களும் தேன்மெழுகும் பிசினும் கலந்த கலவையால் நிலைநிறுத்தப்பட்டவை.

ஆயினும் சுருட்டும் கருவியைப் பற்றியும் அதைக் கையாண்டவரைப் பற்றியும் விரிவாக அறிவது உரோமையரிடமிருந்துதான். அவர்கள் 'கலமிஸ்ட்ரம்' என்னும் உலோகக் கோலை வைத்திருந்தனர். அதை அடுப்பின் சூடான சாம்பலில் புதைத்துக் காய்ச்சி எடுத்து, முடியை அதில் சுற்றுவர். கோலைக் காய்ச்சிக் கொடுக்கும் அடிமைக்குச் 'சினிஃப்லோ' என்று பெயர். சாம்பலை ஊதுபவன் என்பது அதன் பொருளாகக் கொள்ளப்படும். முடியை ஒப்பனை செய்யும் பெண்ணடிமைக்கு 'ஒர்னாட்ரிக்ஸ்' என்று பெயர். இது கற்றுத் தேர வேண்டிய தொழிலாகக் கருதப்பட்டது. ஒருவர் தம் உயிலில் ஒப்பனைப் பெண்டிரை எழுதிவைத்தால், ஆசிரியரிடம் இரண்டே மாதம் பயின்றவள் அவர்களுள் அடங்குவாளா என்ற வினாவை உரோமைச் சட்டத் தொகுப்பான டைஜஸ்ட் ஆராய்கிறது. செல்சஸ் என்னும் சட்ட அறிஞர் அடங்கமாட்டாள் என்றார்; வேறு சிலர் அடங்குவாள் என்றனர். உயிலில் பங்கிடப்படும் பொருளாகவே இப்பெண்கள் அங்கே நிற்கின்றனர் என்பதை மறந்துவிடலாகாது.

கி.பி. 69 முதல் 96 வரை ஆண்ட ஃபிளேவிய மரபினர் காலத்தில், நெற்றிக்குமேல் சுருள்களை அடுக்கடுக்காக உயர்த்திக் கட்டும் பாணி உயர்குடி மகளிரிடையே பரவியது. அக்காலச் சிலைகளில் இன்றும் அதைக் காணலாம். மாடிமேல் மாடி கட்டுகிறார்கள் என்று ஜுவெனல் எள்ளி நகையாடினார். அதே காலத்துக் கவிஞரான மார்சியலின் குறும்பாடல் ஒன்று இன்னும் கூர்மையானது. லாலகே என்பவளின் தலையில் ஒரே ஒரு சுருள் சரியாகப் பொருத்தப்படாமல் நழுவிவிட்டது. அதைக் கண்ணாடியில் கண்டவள், அக்கண்ணாடியாலேயே தன் ஒப்பனைப் பெண்ணை அடித்து வீழ்த்துகிறாள். அடிபட்டவளின் பெயரையும் கவிஞர் தருகிறார்: பிளெகூசா. சுருளின் வரலாற்றில் நமக்குத் தெரியவரும் மிகப் பழைய உழைப்பாளிகளுள் ஒருத்தியாக இவளைக் கொள்ளலாம். அவள் கவிஞர் படைத்த மாந்தராகவே இருப்பினும், அத்தகைய அடி உரோமை வாசகர்க்கு நம்பத்தக்கதாக இருந்தது என்பதே நாம் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி.

முடிக்கு நேரும் தீங்கையும் அவர்கள் அறிந்திருந்தனர். ஓவிட் தம் 'அமோரஸ்' தொகுப்பின் முதற்பகுதியில், சாயமிட்டு முடியை இழந்த காதலிக்காக ஒரு பாடல் பாடியுள்ளார். அந்த முடி நெருப்பையும் இரும்பையும் எவ்வளவு பொறுமையாகத் தாங்கிற்று என்றும், அதைச் சுடுவது குற்றமென்று தாம் முன்பே கூவியதாகவும் அதில் இரங்குகிறார். இனி அவள் சூடப்போவது போரில் பிடிபட்ட செருமானியரின் முடி. அடிமையின் கையால் சுருண்ட கூந்தல் அழிந்தபின், அவ்விடத்தைச் சிறைப்பட்டவரின் கூந்தல் நிரப்புகிறது.

இலக்கிய வாசகர்க்கு உவப்பான செய்தி ஒன்றும் இங்கே உண்டு. சிசரோ தம் 'புரூட்டஸ்' நூலில் சீசரின் போர்க்குறிப்புகளைப் பாராட்டுகிறார். அவை ஆடையணி களைந்த உடல்போல் நேராகவும் அழகாகவும் இருக்கின்றனவாம். அறிவிலிகள் சிலர் அவற்றைச் சூட்டுக்கோலால் சுருட்ட விரும்பலாம். அறிவுடையோர் தொடமாட்டார்கள் என்பது அவர் கருத்து. உரைநடையில் மிகை அணிக்குச் 'சூட்டுக்கோல்' என்னும் பெயர் அன்றே அமைந்துவிட்டது. நக்கீரரின் வழக்கு உரோமையில் உரைநடையைப் பற்றிய வழக்காகவும் நடந்திருக்கிறது.

மாவில் பொதிந்து சுட்ட முடி

ஐரோப்பாவில் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகள் பொய்ம்முடியின் காலம். அதைச் செய்தவர்கள் களிமண்ணால் சிறு உருளைகள் செய்து சுட்டு வைத்திருந்தனர். நடுவில் ஒடுங்கி இருமுனையும் பருத்த அவ்வுருளைகள் இலண்டன் தேம்சு ஆற்றங்கரைச் சேற்றில் இன்றும் கிடைக்கின்றன. திதரோ பதிப்பித்த பிரெஞ்சுக் கலைக்களஞ்சியம் அக்காலத் தொழில் முறையை விளக்குகிறது. வெட்டியெடுத்த முடியை உருளைகளில் இறுகச் சுற்றி மணிக்கணக்கில் நீரில் கொதிக்க வைப்பர். பின்பு உலர்த்தித் தாளில் பொதிந்து, அதன்மேல் மாவைப் பூசி, ரொட்டி அடுப்பில் இட்டுச் சுடுவர். அப்பம்போல் வெந்து வெளிவரும் பொதியைப் பிரித்தால், உள்ளே சுருள் நிலைத்திருக்கும்.

அவர்கள் அறியாமலேயே கந்தகப் பிணைப்பைத் தொட்டுவிட்டனர் என்பதே இதன் சிறப்பு. நெடுநேரம் கொதிநீரில் கிடக்கும் முடியில் அப்பிணைப்புகள் உடைந்து இடம் மாறி அமைகின்றன. ஆயினும் இம்முறை தலையிலிருந்து அறுத்தெடுத்த முடிக்கே ஆகும்; உயிருள்ள தலையைக் கொதிக்க வைக்க இயலாதே! தலையில் இருக்கும் முடிக்கு, இரவில் தாள்துண்டில் சுற்றி முடிந்து வைப்பதும், அத்தாளின் மேலேயே காய்ச்சிய இடுக்கியால் அழுத்துவதுமே வழியாக இருந்தன.

கந்தைத் துணியும் சிலேட்டுக் குச்சியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சுருள் நடுத்தரக் குடும்பங்களின் அன்றாடமாயிற்று. அடிமையோ தனித்த ஒப்பனைப் பணிப்பெண்ணோ இல்லாத வீட்டில், தாயும் தமக்கையும் தங்கையும் அவ்வேலையைச் செய்தனர். செலவில்லாத முறை, கந்தைத் துணி. பழந்துணியை நாடாக்களாகக் கிழித்து, ஈரமுடியைக் கற்றை கற்றையாக அவற்றில் சுற்றி, வேரருகே முடிச்சிட்டுவிடுவர். சிறுமி தலை நிறைய முடிச்சுகளோடு உறங்க வேண்டும். காலையில் அவிழ்த்தால் நீண்ட சுருள்கள் தொங்கும். சுருளின் விலையாக இங்கே ஓர் இரவின் உறக்கம் கொடுக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைச் சுருளுக்குச் சனிக்கிழமை இரவு வலி என்பது பல தலைமுறைச் சிறுமியரின் பட்டறிவு.

அவசரத்துக்கு நெருப்பு. லூயிசா மே ஆல்காட்டின் 'லிட்டில் விமன்' புதினத்தின் முதற்பகுதி 1868இல் வெளிவந்தது. அதில் விருந்துக்குப் புறப்படும் மெக்கின் முன்முடியைத் தங்கை ஜோ தாள் சுற்றி இடுக்கியால் சுருட்டுகிறாள். கருகிய நாற்றம் எழுகிறது. தாளைப் பிரித்தால் முடி தாளோடு வந்துவிடுகிறது. சகோதரியின் அன்பும் ஆர்வமும் நிறைந்த கைதான், ஆனால் இரும்பின் சூட்டை அளக்க அதற்கு வழியில்லை. அக்காலத்தார் இடுக்கியை முதலில் ஒரு தாளில் வைத்துப் பார்ப்பர். தாள் பழுப்பேறினால் ஆறும்வரை காத்திருப்பர். அளவுகோல் அவ்வளவுதான்.

லாரா இங்கல்ஸ் வைல்டர் 1941இல் வெளியிட்ட 'லிட்டில் டவுன் ஆன் த பிரெய்ரி' நூல், 1880களின் டகோட்டாச் சமவெளி வாழ்வைச் சொல்வது. அதில் பதின்ம வயது லாரா, புதுப்பாணியில் நெற்றிமுடியை வெட்டிக்கொண்டு, அதைச் சுருட்டச் சிலேட்டுக் குச்சியை விளக்கின் கண்ணாடிச் சிமினிக்குள் காட்டிச் சூடேற்றுகிறாள். வெண்கலக் கோலும் சாம்பலூதியும் இருந்த இடத்தில் பள்ளிக்கூடக் குச்சியும் மண்ணெண்ணெய் விளக்கும் வந்துவிட்டன. அடிமை ஊதிய நெருப்பை அவள் தன் கையாலேயே பிடித்துக்கொள்கிறாள்.

1872 அளவில் பாரிசில் மார்செல் கிராத்தோ என்னும் முடிதிருத்துநர், இடுக்கியைப் பிடிக்கும் முறையை மாற்றி, சுருளுக்கு மாறாக இயற்கை நெளிவைப் போன்ற அலைகளை உண்டாக்கினார். 'மார்செல் அலை' உலகப் புகழ் பெற்றது. நம் புலவர்களின் அறலை இடுக்கி முனையில் கொணர்ந்தவர் என்று அவரைச் சொல்லலாம். ஆனால் அதுவும் அடுத்த தலைக்குளியல் வரைதான்.

தலைமேல் தொங்கிய பித்தளை

அறுத்த முடிக்கு இயன்றதைத் தலையிலிருக்கும் முடிக்கும் செய்ய முடியாதா என்று எண்ணியவர் கார்ல் நெஸ்லர். 1872இல் செருமனியின் கருங்காட்டுப் பகுதியில் உள்ள டோட்னாவில் பிறந்தவர். இலண்டனில் தொழில் நடத்தியவர். முடியைக் கோல்களில் சுற்றி, காரக்கலவை தடவி, மின்னால் சூடேறும் பித்தளை உருளைகளை அவற்றின்மேல் பொருத்தினார். உருளைகளின் பாரத்தைத் தலை தாங்காதாகையால், எதிர்நிறைகளோடு கூடிய விளக்குக்கொத்துபோல் மேலிருந்து தொங்கவிட்டார். ஒருமுறை செய்து முடிக்க ஏறத்தாழ 6 மணி நேரம் ஆயிற்று.

1906இல் இலண்டனில் இதனைப் பிறர்க்குக் காட்டுமுன், அவர் சோதித்துப் பார்த்தது தம் மனைவி கத்தரீனாவின் தலையில். முதல் இரு முயற்சிகளில் அவ்வம்மையாரின் முடி கருகியது, தலைத்தோலும் வெந்தது. மூன்றாவது முயற்சியே பலித்தது. 'நிலைச்சுருளைக் கண்டவர்' என்று நூல்கள் நெஸ்லரைப் போற்றுகின்றன. இருமுறை வெந்த பின்னும் மூன்றாம் முறை அமர்ந்தவரின் பெயரையும் அவற்றோடு சேர்த்து எழுதுவதே முறை. முதல் உலகப்போரின்போது எதிரிநாட்டவராகிப்போன நெஸ்லர், 1915இல் அமெரிக்கா சென்று நியூயார்க்கில் பெருந்தொழில் நிறுவினார்.

அதே நாட்டில் இன்னொரு பெண்ணின் கதை. மார்ஜரி ஜாய்னர் 1896இல் வர்ஜீனியாவில் பிறந்த கறுப்பினத்தவர். சிகாகோவில் அழகுக்கலை பயின்று, மேடம் சி.ஜே. வாக்கர் நிறுவனத்தில் பணியாற்றியவர். இறைச்சி வேகும்போது அதன் உட்புறம் வரை சூட்டைக் கொண்டுசெல்லும் இரும்புக் குச்சிகளைக் கண்டு, அதேபோல் பல கோல்களை ஒரே மூடியிலிருந்து தொங்கவிட்டுத் தலை முழுவதையும் ஒருசேரச் சூடாக்கும் பொறியை அமைத்தார். சமையலறையில் பிறந்த எண்ணம் அது. 1928 நவம்பர் 27 அன்று அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. உரிமை நிறுவனத்தைச் சார்ந்ததால் பொறியின் வருவாய் அவர் கைக்கு வரவில்லை. 1994இல் மறையும் வரை அவர் கல்விக்கும் பொதுப்பணிக்கும் உழைத்தார்.

இப்பொறிகளோடு சுருள் வீட்டைவிட்டுக் கடைக்குச் சென்றுவிட்டது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். நிலைக்கும் சுருள் விலைகொடுப்பவர்க்கு. நிலையாச் சுருள் வீட்டிலிருப்பவர்க்கு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வீட்டுப் பெண்கள் ஈரமுடியை விரலில் வட்டமாகச் சுற்றி, கொண்டையூசி குத்தி, தலைத்துணி கட்டி உறங்கினர்; சிலர் அப்படியே தொழிற்சாலைக்கும் சென்றனர். இரும்பு போருக்குப் போனதால் பிரிட்டனில் அக்கொண்டையூசியும் கிடைத்தற்கரிய பொருளாயிற்று.

கரி கொண்டுவந்த பெண்கள்

நேர்முடியே பெரும்பான்மையாக உள்ள ஒரு நாட்டில் சுருள் அரசியலாகவும் ஆகும் என்பதற்கு ஜப்பான் சான்று. நீண்டு நேராக வீழும் கருங்கூந்தலை ஹெய்யான் காலம் முதலே அழகின் இலக்கணமாகக் கொண்ட நாடு அது. 1930களில் அங்கு நகரப் பெண்களிடையே மின்பொறிச் சுருள் விரைந்து பரவியது. சீனாவுடன் போர் மூண்டபின், 1939 ஜூனில் தேசிய ஆன்ம அணிதிரட்டல் இயக்கம் ஆடம்பர ஒழிப்பின் பகுதியாக நிலைச்சுருளைக் கைவிடச் சொன்னது. தெருவில் சுருள்முடியோடு செல்லும் பெண்ணைச் சிறுவர்கள் கேலிப்பாட்டுப் பாடித் துரத்தினர். 'பெர்மனன்ட்' என்பது அயல்மொழிச் சொல்லாதலால், கடைக்காரர்கள் 'மின்முடி' எனப் பொருள்படும் 'தென்பட்ஸு' என்று பெயரை மாற்றிக்கொண்டனர்.

பெயர் மாறினும் தொழில் நிற்கவில்லை. மின்சாரத்துக்குக் கட்டுப்பாடு வந்தபோது, கவ்விகளைக் கரி நெருப்பில் காய்ச்சிச் சுருட்டும் முறை வந்தது. பெண்கள் தத்தம் வீட்டிலிருந்தே கரியைக் கொண்டுவந்து வரிசையில் நின்றனர். பங்கீட்டில் அளந்து கிடைத்த எரிபொருள் அது. இதனை வெறும் ஒப்பனை ஆசை என்று தள்ளிவிட நமக்கு மனம் ஒப்பவில்லை. உணவும் உடையும் பேச்சும் அரசின் ஆணைக்குட்பட்ட நாளில், தன் தலைமுடி ஒன்றேனும் தன் விருப்பப்படி வளையட்டும் என்று ஒருத்தி எண்ணியிருக்கக்கூடும். நேர்முடியே இயற்கை, இயற்கையே நாட்டுப்பற்று என்று சொன்னவர்களுக்கு அவள் அளித்த விடை, ஒரு கைப்பிடிக் கரி.

ஆய்வுக்கூடம் சமையலறைக்கு வந்தது

கந்தகப் பிணைப்பைச் சூடின்றி அவிழ்க்கும் வழி, முடிதிருத்துநரிடமிருந்து வரவில்லை. நியூயார்க்கின் ராக்பெல்லர் மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் டேவிட் காடர்டும் லியோனர் மைக்கேலிஸும் கெரட்டினை ஆராய்ந்தனர். காரத்தன்மை உள்ள தையோகிளைக்காலிக் அமிலக் கரைசல் அதன் கந்தகப் பிணைப்புகளை உடைத்துக் கரையச் செய்கிறது என 1934இல் வெளியிட்டனர். நொதிகளின் வேகத்தை அளக்கும் மைக்கேலிஸ்-மென்டன் சமன்பாட்டால் மாணவர் பலரும் அறிந்த அதே மைக்கேலிஸ்தான் இவர். கூந்தல் அழகு அவர்கள் கருத்திலேயே இல்லை. புரதத்தின் அமைப்பே அவர்கள் தேடியது. ஆயினும் உடைக்கத் தெரிந்துவிட்டால் வளைக்கவும் தெரிந்துவிடும். சூடில்லாச் சுருள் 1938இல் ஆர்னால்டு வில்லட் என்பவரால் தொடங்கியது என்பர். 1940களில் தையோகிளைக்காலேட்டுக் கரைசல் பொதுவழக்காயிற்று.

பொறி வேண்டாம், மின்சாரம் வேண்டாம் என்றானபின் கடை எதற்கு? மினசோட்டா மாநிலத்துச் செயிண்ட் பால் நகரில் ஹாரிஸ் சகோதரர்கள் 'டோனி' என்ற பெயரில் வீட்டுப் பெர்ம் பெட்டியை விற்கலாயினர். சுருள்கோல், தாள், கரைசல், நிறுத்தி ஆகியவை உள்ளே இருந்தன. சவரத்தகடு விற்ற ஜில்லெட் நிறுவனம் 1948இல் அதனை 2 கோடி டாலருக்கு வாங்கியது. அதன் விளம்பரம் இரட்டைச் சகோதரியரைக் காட்டி, இவர்களில் வீட்டில் சுருட்டிக்கொண்டவள் யார், கடையில் சுருட்டிக்கொண்டவள் யார் என்று கேட்டது. கண்டுபிடிக்க முடியாது என்பதே விடை. நக்கீரர் மன்றத்தில் இயற்கை, செயற்கை எனப் பிரிந்து நின்ற வழக்கு, இங்கே வீட்டுச் செயற்கையா கடைச் செயற்கையா என்று சுருங்கிவிட்டதை வாசகர்கள் நோக்கலாம். 1949இல் அதே பெயரில் நைலான் முடியுள்ள பொம்மையும் வந்தது. அதன் முடியைச் சிறுமியர் சர்க்கரைக் கரைசலால் சுருட்டி விளையாடினர்.

வீட்டுப் பெர்ம் ஒருவர் தனித்துச் செய்துகொள்ளும் வேலையன்று. பிடரி முடியைத் தானே சுற்ற இயலாது. ஆதலால் தாய் மகளுக்கும், அண்டைவீட்டாள் அண்டைவீட்டாளுக்கும் செய்தனர். சமையலறை நாற்காலியில் தோளில் துண்டோடு ஒருத்தி அமர, பின்னின்று மற்றவள் கற்றை கற்றையாகப் பிரித்துச் சுற்றுவாள். அம்மோனியாவும் கந்தகமும் கலந்த, அழுகிய முட்டையை ஒத்த நாற்றம் வீடெங்கும் பரவும். கரைசல் சற்று மிகுந்தால் முடி முறியும், குறைந்தால் சுருளாது. நேரம் பார்க்கக் கடிகாரமே துணை. உடைந்த பிணைப்பை மீண்டும் இணைக்க இறுதியில் நிறுத்திக் கரைசல். அக்காலத்து நிறுத்திகள் பலவற்றில் பொட்டாசியம் புரோமேட்டு இருந்தது. அதை அறியாமல் குடித்துவிட்ட குழந்தைகள் சிறுநீரகம் பழுதுற்றும் செவிப்புலன் இழந்தும் துன்புற்றதை மருத்துவ ஏடுகள் பதிவு செய்துள்ளன. பின்னர் அதன் இடத்தை ஐதரசன் பெராக்சைடு பெற்றது. ஆய்வுக்கூடம் சமையலறைக்குள் வந்தபோது அதன் இடரும் உடன்வந்து, சர்க்கரையும் உப்பும் இருக்கும் அதே அலமாரியில் அமர்ந்துகொண்டது.

இவ்வளவுக்குப் பின்னும் 'நிலைச்சுருள்' நிலைப்பதில்லை. தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்கிறது. கரைசல் தொட்ட பகுதி சுருண்டே இருக்க, வேரிலிருந்து எழும் புதுமுடி தன் இயல்பான நேர்வடிவிலேயே வருகிறது. சில மாதங்களில் மேலே நேர், கீழே சுருள்.

இயற்கை எது?

இறுதியாக நம் முதல் வழக்குக்குத் தீர்ப்புக் கூற அறிவியல் ஒரு சான்றைத் தருகிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஆஸ்ட்பரி 1930களில் கம்பளியையும் முடியையும் ஊடுகதிரால் ஆராய்ந்து, கெரட்டினின் சங்கிலிகள் மடிந்து கிடப்பதையும், இழுத்தால் நீள்வதையும் கண்டார். அம்மடிப்பின் துல்லியமான வடிவத்தை 1951இல் லைனஸ் பாலிங்கும் உடனாய்வாளரும் வெளியிட்டனர். அது ஒரு திருகுசுருள். ஆல்ஃபா சுருள் என்பர். எவ்வளவு நேரான முடியாயினும், அதன் மிகச் சிறு கூறு சுருளாகவே அமைந்துள்ளது. இயற்கை, செயற்கை என்று நாம் இழுக்கும் கோடு முடியின் உள்ளே செல்லச் செல்ல மங்கிவிடுகிறது.

2020ஆம் ஆண்டையொட்டி, வீடுகளுக்குள் அடைபட்டிருந்த பெருந்தொற்றுக் காலத்தில், சூடில்லாச் சுருள் ஒன்று இளையோரிடையே மீண்டும் பரவியது. குளியல் அங்கியின் கச்சையைத் தலைக்குக் குறுக்கே வைத்து, ஈரமுடியை அதில் சுற்றிக்கொண்டு உறங்கி, காலையில் உருவிவிடுவது அம்முறை. புதிதாகக் கண்டதுபோல் அதைப் பலர் வியந்தனர். கந்தைத் துணியில் முடிச்சிட்டு உறங்கிய சிறுமியரின் முறையிலிருந்து அது பெரிதும் வேறுபட்டதன்று. அவிழ்வதும் அதே ஐதரசன் பிணைப்புத்தான். செலவில்லை, கருகுவதில்லை, பிறர் கை தேவையில்லை. ஓர் இரவு மட்டும் வேண்டும்.

'கூந்தல் உள்ளவள் அள்ளி முடிவாள்' என்று நம்மிடையே ஒரு பழமொழி உண்டு. கூந்தல் இருந்தால் போதும், எப்படியும் முடியலாம் என்பது கருத்து. மேலே கண்ட வரலாறோ, அள்ளி முடிந்த கை பலபோது கூந்தலுக்கு உரியவளின் கையாக இருக்கவில்லை என்று சொல்கிறது. சாம்பலை ஊதியவன், கண்ணாடியால் அடிபட்ட பிளெகூசா, மூன்றாம் முறையும் அமர்ந்த கத்தரீனா, காப்புரிமை பெற்றும் வருவாய் பெறாத ஜாய்னர் என அவர்களுள் சிலரது பெயரேனும் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஐம்பாலின் ஐந்து பெயர்களையும் மனப்பாடம் செய்விக்கும் நாம், சுருளையும் குழலையும் முடித்துவிட்ட தமிழ்நிலத்துக் கைகள் எவருடையவை என்ற வினாவையும் இனி மாணவர் முன் வைக்கலாம். விடை சொல்லும் சான்றுகள் சிற்பங்களிலும் செப்புத் திருமேனிகளிலும் உரைகளின் ஓரங்களிலும் ஒளிந்திருக்கக்கூடும். தேடிப் பார்ப்பது நம் கடன்.